நடுவில் ஒரு தண்டவாளம்

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பள்ளி விட்டதும் பையோடு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் உத்தியோகக் காலம் முழுக்கத் தண்டவாளப் பராமரிப்பில் போனது. ஜல்லி, தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர், பாதையின் அகலத்தை அளக்கும் கேஜ் கட்டை இவற்றைத் தவிர எனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. தலைப்பு கேட்டபோது, "மூன்றாவது தண்டவாளம் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். செயலாளர் ஐயா, "மின்சார ரயிலுக்குக் கரண்ட் கொடுப்பார்களே, அதுவா?" என்று கேட்டார். அது வேறு. நான் சொல்வது சக்கரம் ஓடுகிற தண்டவாளம்தான். ஒரே பாதையில் இரண்டு அகலத்து வண்டிகளும் போவதற்காகக் கூடுதலாகப் போடுவது.

மேசையைப் பாருங்கள், மூன்று மூங்கில் குச்சி வைத்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு. இந்த ஓரக் குச்சிக்கும் அந்த ஓரக் குச்சிக்கும் இடையே 16.76 சென்டிமீட்டர். அதுதான் நம் அகலப் பாதை, நிஜத்தில் 1676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. இதே ஓரக் குச்சியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நடுக்குச்சி. அது மீட்டர் பாதை. முதல் குச்சி இரண்டு வண்டிக்கும் பொது. மற்ற இரண்டில் ஆளுக்கு ஒன்று. சூத்திரம் இவ்வளவுதான். இதற்கு அவசியம் எப்படி வந்தது என்பதுதான் நீளமான கதை.

ரோமாபுரி ரதச் சக்கரத்தின் அகலம்தான் இன்றைய ரயில் பாதையின் அகலம் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டாம். வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரை இழுத்த வண்டிப் பாதைகள் பல அகலங்களில் இருந்தன. ஜார்ஜ் ஸ்டீபன்சன் வேலை பார்த்த கில்லிங்வொர்த் சுரங்கத்தில் அது 4 அடி 8 அங்குலம். பழகிய அளவையே அவர் 1825ல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதைக்கும் எடுத்துக்கொண்டார். பிறகு சக்கரம் இறுக்காமல் ஓட அரை அங்குலம் சேர்ந்தது. இன்று உலகத்தின் பெரும்பகுதி 'ஸ்டாண்டர்டு கேஜ்' என்று வைத்திருக்கும் 1435 மில்லிமீட்டர் பிறந்தது இப்படித்தான். ஆராய்ந்து பார்த்து எடுத்த அளவு அல்ல. பக்கத்தில் கிடந்த அளவு.

ஆராய்ந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார், புரூனல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போன கிரேட் வெஸ்டர்ன் பாதையை அவர் ஏழடி அகலத்தில் போட்டார். வண்டி ஆடாமல் போகும், வேகம் கூடும் என்றார். சொன்னது சரிதான். 1845ல் நடந்த ஓட்டப் பரிசோதனைகளில் அவருடைய அகல வண்டிதான் முந்தியது. ஆனால் அதற்குள் நாட்டில் ஸ்டீபன்சன் அளவிலான குறுகல் பாதை 1,901 மைல் கிடந்தது, அகலப் பாதை வெறும் 274 மைல். 1846ல் பாராளுமன்றம் குறுகலுக்கே சட்டம் போட்டது. ஒரு பொறியாளனாக எனக்கு இன்றும் புரூனல் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் குளோஸ்டர் நிலையத்தில் மூட்டை தூக்கியவரிடம் கேட்டிருந்தால் அவர் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பார். அங்கேதான் இரண்டு அகலமும் சந்தித்தன. வருகிற ஒவ்வொரு பெட்டியையும் பொட்டலத்தையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும்.

இந்தச் சண்டையைத் தூரத்திலிருந்து கவனித்தவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. இந்தியாவில் இன்னும் ஒரு மைல்கூடப் போடவில்லை, தொடக்கத்திலேயே ஒரே அகலத்தைத் தீர்மானித்துவிட்டால் இங்கிலாந்து பட்ட பாட்டை இங்கே பட வேண்டாம் என்பது அவர் கணக்கு. ஆறடி வேண்டும் என்று நினைத்தார், ஐந்தரை அடியில் முடிந்தது. 1853ல் பம்பாய்–தானே, 1856ல் நம் ராயபுரம்–வாலாஜா ரோடு, எல்லாம் அந்த ஐந்தரை அடிதான். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது.

இருபதே வருடத்தில் கெட்டது. அகலப் பாதை போடச் செலவு அதிகம். மண்கரை அகலம், பாலம் அகலம், வளைவுகளும் தாராளமாக இருக்க வேண்டும். அரசாங்கமே பாதை போடத் தொடங்கியதும் கையைக் கடித்தது. 1870ல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், இனிமேல் கிளைப் பாதைகள் குறுகலாகப் போதும் என்றார்கள். ஏன் சரியாக ஒரு மீட்டர்? இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறப் போகிறது என்று அப்போது ஒரு நம்பிக்கை, அதே ஆண்டு சட்டமும் வந்தது. கடைத்தெருவில் கிலோவும் மீட்டரும் நடைமுறைக்கு வர 1950களின் கடைசி வரை ஆனது. ரயிலுக்கு மட்டும் எண்பத்துச் சொச்சம் வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. 'கிளைப் பாதை' என்று சொல்லி ஆரம்பித்தது தென் தமிழ்நாடு முழுக்கப் பரவி, எங்களுக்கு அதுவே பிரதானப் பாதை ஆகிவிட்டது.

நாகப்பட்டினம்–திருச்சி பாதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். 1861ல் நாகையிலிருந்து தஞ்சாவூர், அடுத்த வருடம் திருச்சி. போட்டது அகலப் பாதை. 1875ல் அதைப் பிடுங்கி மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் மீட்டர் வண்டி ஓடியது. பிறகு நம் காலத்தில், பகுதி பகுதியாக, திரும்பவும் ஐந்தரை அடிக்கு விரித்தோம். ஒரே மண்கரை, ஒரே காவிரிச் சமவெளி. மூன்று முறை ஸ்லீப்பர் மாற்றிய தொழிலாளர்களின் முதுகைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

சென்னையில் எழும்பூர் மீட்டருக்கு, சென்ட்ரல் அகலத்துக்கு. திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்குப் போகிறவர் எழும்பூரில் இறங்கி, பெட்டி படுக்கையோடு ரிக்‌ஷா பிடித்து சென்ட்ரலுக்குப் போனதெல்லாம் இங்கே பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இன்னொன்று சொல்கிறேன். 1914ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்டு இரண்டு நாட்டு ரயிலையும் இணைத்தார்கள். நடுவில் கடலே இல்லாமல் இருந்திருந்தாலும் வண்டி அந்தப் பக்கம் போயிருக்க முடியாது. நம் கரையில் மீட்டர் பாதை, இலங்கைக் கரையில் ஐந்தரை அடி.

பயணி இறங்கி ஏறிவிடுவார். சரக்கு? இரண்டு பாதையும் சந்தித்த ஒரு ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மேடைக்கு இந்தப் பக்கம் அகல வேகன், அந்தப் பக்கம் மீட்டர் வேகன். வலது கையில் கொக்கி, தலையில் மடித்த சாக்கு. ஒருவர் முதுகைக் கொடுப்பார், இருவர் மூட்டையைத் தூக்கி வைப்பார்கள், ஓட்டமும் நடையுமாக எதிர் வேகனுக்கு. கொக்கி குத்திய ஓட்டை வழியாக அரிசி கோடு போட்டுக்கொண்டே போகும். சாயங்காலம் பெண்கள் விளக்குமாறும் முறமுமாக வந்து அந்தக் கோட்டைக் கூட்டி எடுப்பார்கள். பெரிய வேகனில் இருப்பது சின்ன வேகனில் அடங்காது. மிச்சத்துக்கு இன்னொரு வேகன் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். 1870ல் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று கேட்டால், அந்த மேடையில் கொட்டிக் கிடந்தது என்பேன்.

இதற்கு மருந்துதான் மூன்றாவது தண்டவாளம். மருந்து என்றால் பத்தியமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் சங்கடம், வண்டியின் நடு எங்கே என்பது. அகல வண்டியின் மையக்கோடும் மீட்டர் வண்டியின் மையக்கோடும் ஒன்றாக வராது. 1676க்கும் 1000க்கும் உள்ள வித்தியாசம் 676, அதில் பாதி, 338 மில்லிமீட்டர் விலகும். ஓர் அடிக்குக் கொஞ்சம் அதிகம். பிளாட்பாரத்தில் அந்த ஓர் அடி முக்கியம். பொதுத் தண்டவாளம் பிளாட்பாரத்தை ஒட்டி இருந்தால், பெரிய வண்டி சின்ன வண்டியைவிட எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கும், பரவாயில்லை. பொதுத் தண்டவாளம் எதிர்ப்பக்கம் போய்விட்டால் சின்ன வண்டிக்குக் கிட்டத்தட்ட அறுபது சென்டிமீட்டர் இடைவெளி விழும். கைக்குழந்தையோடு ஒரு தாய் அதைத் தாண்ட முடியுமா? அதனால் பொதுத் தண்டவாளத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதை வரைபடம் போடும்போதே யோசிக்க வேண்டும். அடுத்த நிலையத்தில் பிளாட்பாரம் மறுபக்கம் இருந்தால், வழியில் ஓர் இடத்தில் வண்டியை இந்தப் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நைசாக மாற்றிவிட ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, பொதுத் தண்டவாளத்துக்கு ஓய்வே கிடையாது. இரண்டு வண்டிச் சக்கரமும் அதில்தான். மற்ற இரண்டைவிட அது சீக்கிரம் தேயும், அதன் கீழே ஜல்லி சீக்கிரம் அமுங்கும், பாதை அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். லெவல் பலகையை வைத்தால் குமிழி ஓடிவிடும். மூன்றாவது, பாயிண்ட். சாதாரணப் பாதை பிரியும் இடத்தில் தண்டவாளத்தைத் தண்டவாளம் வெட்டுவது ஓர் இடத்தில்தான். இங்கே பல இடத்தில் வெட்டும். ஒவ்வொரு வெட்டும் சக்கரம் தட்டுகிற இடம், ஒவ்வொரு தட்டும் பராமரிப்பு வேலை.

எல்லா இரண்டு அகலத்துக்கும் மூன்று தண்டவாளம் பலிக்காது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் அடிப்பாகம் 150 மில்லிமீட்டர் அகலம். அகலத்துக்கும் மீட்டருக்கும் நடுவே 676 மில்லிமீட்டர், தாராளம். ஸ்வீடனின் 1435க்கும் பின்லாந்தின் 1524க்கும் வித்தியாசம் 89தான். அடிப்பாகம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், ஆணி அடிக்க இடம் ஏது? ஆகவே எல்லையில் ஹாபரண்டாவுக்கும் டோர்னியோவுக்கும் இடையே நான்கு தண்டவாளமாகவே போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை இருந்தும் நான் ஏன் இதற்காக வாதாடுகிறேன்? மூன்றாவது தண்டவாளம் ஓடுகிற வண்டியை நிறுத்தாமல் எதிர்காலத்தைக் கொண்டுவருகிறது. அதனால்தான்.

கிரேட் வெஸ்டர்ன் கதையின் முடிவைக் கேளுங்கள். சட்டம் வந்த பிறகும் புரூனலின் அகலப் பாதை நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. அந்தக் காலத்தில் அவர்கள் லண்டனிலிருந்து மேற்கே எக்சிட்டர் வரை மெல்ல மெல்ல மூன்றாவது தண்டவாளத்தைச் சேர்த்தார்கள். இரண்டு வண்டியும் ஓடியது, யாருக்கும் பயணம் நிற்கவில்லை. எக்சிட்டருக்கு மேற்கே மிச்சமிருந்த 171 மைலை 1892 மே மாதம் ஒரு சனி, ஞாயிறில் மாற்றினார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். நிலையங்களிலும் கொட்டகைகளிலும் படுத்துத் தூங்கி, கம்பெனி கொடுத்த ஓட்ஸ் கஞ்சியைக் குடித்து, வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் தண்டவாளத்தை உள்ளே நகர்த்தினார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே ஸ்லீப்பர் தயார். திங்கட்கிழமை புது அகலத்தில் வண்டி ஓடியது.

பக்கத்தில் வங்கதேசம். அங்கே யமுனை என்பது டெல்லி யமுனை அல்ல, பிரம்மபுத்திராவின் பெயர். அதற்கு மேற்கே கல்கத்தாவிலிருந்து வந்த ஐந்தரை அடி, கிழக்கே சிட்டகாங் துறைமுகத்துக்குத் தேயிலை கொண்டுபோகப் போட்ட மீட்டர். நடுவில் கடல் போன்ற ஆறு, படகில்தான் தாண்ட வேண்டும். 1998ல் பாலம் திறந்தபோது அதில் இரண்டு அகலத்துக்கும் தண்டவாளம் போட்டார்கள். பிறகு டாக்கா பக்கம் வரை மூன்றாவது தண்டவாளத்தை நீட்டினார்கள். 2008ல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட மைத்ரி எக்ஸ்பிரஸ் அகலச் சக்கரத்தோடு மீட்டர் நாட்டுக்குள் டாக்கா வரை போனது அந்தத் தண்டவாளத்தால்தான். அதற்காக உள்ளூர் மீட்டர் வண்டி எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. 2025ல் அதே யமுனையில் ரயிலுக்கென்றே திறந்த புதுப்பாலத்திலும் இரண்டு அகலம்.

நாம் என்ன செய்தோம்? 1992ல் ஜாபர் ஷெரீப் ரயில்வே அமைச்சராக இருந்தபோது நாடு முழுக்க ஒரே அகலம் என்று முடிவானது. அந்த முடிவு சரியானது. நான் அதை மனதார ஆதரித்தவன், அதற்காக உழைத்தவன். ஆனால் செய்த விதம், பல கிளைப் பாதைகளில், முதலில் மூடு, பிறகு பார்ப்போம் என்பதாக இருந்தது. மதுரை–போடி மீட்டர் பாதை, தொண்ணூறு கிலோமீட்டர். 2010 கடைசியில் வண்டி நின்றது. தேனிக்குத் திரும்ப வண்டி வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். வண்டி நின்ற வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளை, தன் ஊர் ரயிலில் ஒரு முறைகூட ஏறாமல் பிளஸ் டூ முடித்துவிட்டது. செங்கோட்டை–புனலூர் 2010லிருந்து 2018 வரை.

மலைச் சரிவிலும் பழைய பாலத்திலும் மூன்றாவது தண்டவாளம் போட முடியாத இடங்கள் உண்டு. எனக்குத் தெரியும். அங்கே மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் சமவெளியில், வாரச் சந்தைக்குக் காய்கறியோடு போகிறவர்கள் நம்பியிருந்த பாதையில், நீளமான ஸ்லீப்பரைப் போட்டுவிட்டு நடுத்தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கலாம். பக்கத்து நிலையம் வரையாவது பழைய வண்டி ஓடியிருக்கும். கூடுதல் செலவுதான். பன்னிரண்டு வருடப் பேருந்துக் கட்டணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போனால் மேட்டுப்பாளையத்தில் இறங்குங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் ஐந்தரை அடியில் வந்து நிற்கும். எதிரே மீட்டர் பாதையில் மலை ரயில் 7.10க்குப் புறப்படக் காத்திருக்கும். மாற்றாமல் நாம் விட்டுவைத்த மீட்டர் பாதை அது. ஒரு டேப் எடுத்துப் போங்கள். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது, பிளாட்பாரத்தில் நின்றபடியே பெட்டி வாசலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டு வண்டியிலும் அளந்து நோட்டில் குறியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த இரண்டு எண்ணையும் எனக்குச் சொல்லுங்கள்.