அடுப்பு அணைந்த கேலக்ஸிகள்

நேயர்களுக்கு வணக்கம். கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டத்தைத்தான் கேலக்ஸி என்கிறோம். நீலக் கேலக்ஸி, சிவந்த கேலக்ஸி. இந்த இரண்டை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், பாக்கியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். கனமான, சூடான விண்மீன்கள் நீலமாக ஒளிரும். சீக்கிரமே எரிந்தும் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு கேலக்ஸி நீலமாகத் தெரிந்தால் அங்கே இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றன என்று அர்த்தம். சிவந்திருந்தால் பிறப்பு நின்று நாளாகிவிட்டது, வயதானவைதான் மிச்சம்.

நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேலாகக் கேலக்ஸிகள் ஈர்ப்பினால் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றைக் கொத்துகள் என்கிறோம். ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கோமா கொத்து இதில் பேர்போனது. அதன் நடுப்பகுதியில் பெரும்பாலும் சிவந்தவைதான். நம் பால்வெளி போன்ற சுருள் கேலக்ஸி அங்கே அபூர்வம்.

எப்போதுமே இப்படித்தானா? 1978-ல் பட்சர், ஓம்லர் என்ற இரு வானியலாளர்கள் வெகுதொலைவிலுள்ள இரண்டு கொத்துகளை அளந்தார்கள். அந்த ஒளி புறப்பட்டு 400 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதாவது அவர்கள் பார்த்தது அந்தக் காலத்துக் கொத்தை. அங்கே நீலக் கேலக்ஸிகள் தாராளமாக இருந்தன! பலர் நம்பவில்லை. வழியில் குறுக்கே நிற்கும் கேலக்ஸிகளையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான்.

அப்புறம் ஆலன் டிரெஸ்லர், ஜேம்ஸ் கன் என்ற வானியலாளர்கள் நிறமாலை எடுத்து, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார்கள். கொத்துக்குள்ளேயே நீலக் கேலக்ஸிகள் இருந்தது உறுதியானது. கூடவே இன்னொன்றும் சிக்கியது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த தடயம் அதுதான். சில கேலக்ஸிகளில் புதுப் பிறப்புக்கான அடையாளமே இல்லை. ஆனால் சுமார் 100 கோடி ஆண்டு வாழும் 'ஏ' வகை விண்மீன்களின் சாயல் பளிச்சென்று தெரிந்தது. அடுப்பு அணைந்திருக்கிறது, சாம்பலில் சூடு போகவில்லை.

சரி, அணைத்தது யார்? கொத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே இருப்பது வெற்றிடம் அல்ல. கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில், எக்ஸ் கதிர்களை உமிழும் மெல்லிய வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. காற்றே வீசாத நாளிலும் பைக்கில் வேகமாகப் போனால் முகத்தில் காற்று அறைகிறதல்லவா? ஒரு கேலக்ஸி விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கொத்துக்குள் பாயும்போது அதற்கும் அதேதான். அந்தக் காற்று விண்மீன்களை அசைக்காது. அவை பிறக்கத் தேவையான ஹைட்ரஜன் வாயு மட்டும் உரிந்து பின்னால் போய்விடும். 1972-லேயே இப்படி நடக்கும் என்று கன்னும் ரிச்சர்ட் காட்டும் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். இது ஒன்றே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியிலிருந்து புது வாயு வருவது நின்று, இருப்பு மெல்லத் தீர்ந்துபோவதும் உண்டு. பக்கத்துக் கேலக்ஸி உரசிப்போவதும் உண்டு.

ஆனால் உரிவதைத்தான் நேரிலேயே பார்க்க முடிகிறது. வாயு வால் நீண்டு தொங்கும் இவற்றுக்கு ஜெல்லி மீன் கேலக்ஸி என்று பெயர். நம் கடற்கரையில் சொறி என்கிறார்களே, அதுதான். ஏபெல் 85 கொத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஜேஓ201 என்ற ஒன்றை, 2015-ல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி படம் பிடித்தது. பிடுங்கப்பட்ட அந்த வாலுக்குள்ளேயே புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தன. அப்படிப் பிறப்பவற்றில் பல தாய்க் கேலக்ஸிக்குத் திரும்பாமல், எந்தக் கேலக்ஸியையும் சேராமல், கொத்தின் இடைவெளியில் தனியே சுற்றிக்கொண்டிருக்கும்.