தொண்டை ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்: எஸ்பெரான்சா ஸ்பால்டிங்கின் ‘சேம்பர் மியூசிக் சொசைட்டி’

அவையோருக்கு வணக்கம்.

கிட்டார் வாசித்தபடி பாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். டபுள் பேஸ், அதாவது நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய, தாழ்ந்த குரல் தந்திக்கருவி, அதை வாசித்தபடி பாடுகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? கிட்டாரில் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களை)ப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தால் கை பாட்டின் பின்னாலேயே போய்விடும். பேஸ் அப்படிப் போகாது. அதற்கென்று தனி மெட்டு உண்டு. பாட்டு ஏறும்போது அது இறங்கும்; பாடகர் மூச்சு வாங்கும்போதும் அது நடந்துகொண்டே இருக்க வேண்டும். அமெரிக்க ஜாஸ் பாடகரும் பேஸ் கலைஞருமான எஸ்பெரான்சா ஸ்பால்டிங்கின், 2010இல் வந்த ‘சேம்பர் மியூசிக் சொசைட்டி’ ஆல்பத்தை இந்த ஒரு சிக்கலின் வழியாகவே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு எஸ்பெரான்சாவுக்குச் சிறந்த புதுமுகம் என்று கிராமி கிடைத்தது. அந்த விருதை ஜாஸ் கலைஞர் ஒருவர் வாங்கியது அதுவே முதல்முறை. விருதுக் கதை அத்துடன் போதும்.

இவருக்கு முன்னோடிகள் உண்டு. ஸ்லாம் ஸ்டூவர்ட் என்ற பேஸ் கலைஞர் 1930களிலேயே வில் போட்டு வாசித்துக்கொண்டு, அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே முனகினார். இன்னொரு பேஸ் கலைஞர் மேஜர் ஹாலி அதே ஸ்தாயியிலேயே முனகினார். ஆனால் அங்கே குரலும் விரலும் ஒரே வழியில் போகின்றன. ஒரே மெட்டு, இரண்டு நிறம். எஸ்பெரான்சாவிடம் பல இடங்களில் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. கடினம் அங்கேதான்.

கருவியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வழக்கமான டபுள் பேஸில் தந்தியின் நீளம் ஏறக்குறைய 105 செ.மீ. விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் ஃப்ரெட் கிடையாது. கழுத்தின் மேல்கோடியில் அரைச்சுரத்துக்கும் அரைச்சுரத்துக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி, தந்தியின் பாதிக்கு வரும்போது அது 3 செ.மீ. ஆகிவிடும். அங்கே விரல் 3 மி.மீ. தவறினால் அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகும். கண் மைக்கைப் பார்க்கிறது, மனம் வரிகளில் இருக்கிறது. கை குத்துமதிப்பாகப் போய் உட்கார வேண்டும். இதில் ஒரு அநியாயம் உண்டு. கேட்கிறவரின் காது பேஸைத்தான் தரையாக எடுத்துக்கொள்ளும். பேஸ் சற்று இறங்கியிருந்தால் ‘பாட்டு சுருதி ஏறிவிட்டது’ என்று குற்றம் குரல் மேல்தான் விழும்.

தாளத்தில் வரும் தொல்லை இதைவிடப் பெரியது. வாக்கிங் பேஸ் என்றால் அளவுக்கு (நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு) நான்கு சுரம், ஒவ்வொன்றும் தட்டின் முன்விளிம்பில் விழ வேண்டும். ஜாஸ் பாடகரோ வரியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துத்தான் பாடுவார், அழகே அதில்தான். ஒரே உடம்பில் இரண்டும் நடக்கும்போது, குரல் பின்வாங்கினால் கையும் கூடவே பின்வாங்கி லயம் தொய்ந்துவிடும். கையைக் கட்டிப் பிடித்தால் ஒவ்வொரு அசையும் தட்டின் தலையில் ஆணி அடித்த மாதிரி விழும். இதைப் பிரித்தெடுக்க ஒரு வழி: சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, அந்தத் தட்டை அளவின் இரண்டாவது, நான்காவது தட்டு என்று எண்ணுங்கள். அளவுக்கு இரண்டே சுரம் வாசித்தபடி, வரிகளை மெட்டில்லாமல் பேசுங்கள். பிறகு அதே வரிகளை ஒரே சுரத்தில் பாடுங்கள். மெட்டு அதற்கப்புறம். அதுவும் கை நகராமல் நின்றால், வேண்டுமென்றே அரைத்தட்டு தள்ளிப் பாடிப் பாருங்கள். அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கை நழுவும். நழுவினால் மெட்டை விட்டுவிட்டுப் பேச்சுக்கே திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைப்பதில் பயனில்லை.

வேகத்தைக் குறைத்தால் இன்னும் கஷ்டம் என்பதுதான் உண்மை. விரலால் மீட்டிய சுரம் சீக்கிரமே தேய்ந்துவிடும். மெதுவான பாட்டில் ஒரு மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் நடுவில் குரல் ஆதாரமில்லாமல் தொங்கும். இந்த ஆல்பத்தில் வயலின், வியோலா, செல்லோ மூன்றும் ஏன் என்பதற்கு என் பதில் இது. அவற்றை அலங்காரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வில் போட்ட சுரம் தேயாது. குரலுக்கு அடியில் அது நிற்கும்போது பேஸ் சுருதி காட்டும் வேலையிலிருந்து விடுபடுகிறது. முதல் பாட்டு ‘லிட்டில் ஃப்ளை’, வில்லியம் பிளேக்கின் 1794ஆம் ஆண்டுக் கவிதை. குட்டிக் குட்டி வரிகள். மூச்சு வாங்க இடம் தானாகவே அமைகிறது. பாடிக்கொண்டே வாசிக்கிறவருக்கு இதைவிடத் தோதான வரி கிடைப்பது அரிது.

‘இனூட்டில் பைசாஜெம்’ இதற்கு நேர் எதிர். பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் பாட்டு. ஜாஸ் பாடகி கிரெச்சன் பார்லாடோவின் குரல், எஸ்பெரான்சாவின் குரல், ஒரு பேஸ். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இப்படிப்பட்ட பாட்டைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாடும் மைக்கில் பேஸும் விழும். அந்த மைக் பேஸ் மைக்கைவிட அரை மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி சுமார் 1.5 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். இரண்டையும் கலக்கும்போது 340 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும், அதாவது அந்த இடத்து ஒலி அமுங்கிவிடும். பேஸின் மரநாதம் குழிந்து போகும். ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் அதை நிரப்ப முடியாது. முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக் வைத்து, அதன் காது கேளாத பக்கத்தை பேஸை நோக்கித் திருப்புவதே வழி.

ஆல்பத்தைப் போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். பேஸின் திறந்த அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைத் தொடவே தொடாது, பாதி ஆல்பம் காணாமல் போகும். ஹெட்போன் போட்டு, முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை குரல் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த நொடியில் விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள்.