தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடும் பிகோனியா

மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "கொடைக்கானலில் ரெக்ஸ் பிகோனியா என்கிற வண்ண இலைச் செடி வாங்கி வந்தேன். ஒரு மாதம் அழகாக இருந்தது. இப்போது தினமும் தண்ணீர் ஊற்றியும் இலையெல்லாம் தொங்குகிறது. என்ன செய்வது?"

தினமும் ஊற்றுகிறேன் என்கிறீர்களே சகோதரி, அதுதான் வில்லங்கம். வேர் அழுகினாலும் செடி வாடித்தான் தெரியும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. நாமோ தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். நானும் இப்படி மூன்று தொட்டிகளைச் சாகடித்தவன்தான்.

முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தொட்டி லேசாக இருந்தால் உண்மையிலேயே தாகம். கனமாக இருந்தும் செடி வாடியிருந்தால் வேரில் கோளாறு. அப்புறம், மண்ணுக்கு மேலே இஞ்சி மாதிரி ஒரு தண்டு படுத்துக் கிடக்கும். அதை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். கனிந்த வாழைப்பழம் போல நசுங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

கறுத்த வேர்களையும் நறுக்கிவிட்டு மாற்றி நடுங்கள். வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நம் கை தண்ணீருக்குச் சரிப்படாது, ஈரத்தை விடவே விடாது. பாதி கோகோபீட், மீதியில் பெர்லைட்டும் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் துணுக்கு) மண்புழு உரமும் சமமாகக் கலந்தால் போதும். பெர்லைட் கிடைக்காவிட்டால் சின்னக் கரித்துண்டுகள். வேர் மேலாகவே ஓடும் என்பதால் ஆழமில்லாத சின்னத் தொட்டி போதும். அந்த இஞ்சித் தண்டை மட்டும் புதைத்துவிடாதீர்கள். இனி, மேல் மண் ஒரு விரற்கணு அளவு காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

இது அசாம் பக்கத்துக் காடுகளில் நிழலில் வளர்கிற செடி. மதுரை வெயில் நேராகப் பட்டால் இலை கருகிவிடும். வெளிச்சமான கிழக்கு ஜன்னலுக்கு உள்ளே வையுங்கள், ஏசி காற்று படாமல். ஈரப்பதத்துக்காக இலையில் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள், வேண்டாம். சொரசொரப்பான இலையில் தண்ணீர் தேங்கிப் புள்ளி விழும். நாலைந்து தொட்டிகளைச் சேர்த்து வைப்பதே மேல். சித்திரை, வைகாசியில் எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கும். அந்தச் சமயத்தில் உரம் போடாதீர்கள்.

இன்னொன்று. வைத்தியம் ஆரம்பிக்கும் முன்பே நல்ல இலை ஒன்றைக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பக்கத்து நரம்புகளை நாலைந்து இடத்தில் பிளேடால் கீறி, அந்தப் பக்கம் கீழே படும்படி ஈரக் கோகோபீட்டின்மேல் படுக்க வையுங்கள். அசையாமல் இருக்க இரண்டு சின்னக் கல். மேலே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, தினம் ஒரு தடவை திறந்து காற்றுக் காட்டினால் போதும். ஆறு, எட்டு வாரத்தில் கீறிய இடங்களில் குட்டி இலைகள் தலைகாட்டும். தாய்ச்செடி போனாலும் உங்களிடம் இரண்டு மூன்று கன்றுகள் இருக்கும்.