32 நிமிடம் முந்திய கல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022 செப்டம்பர் 27, நம் நேரப்படி விடிகாலை 4 மணி 44 நிமிடம். தெருவில் பால் வண்டிச் சத்தம்கூடக் கேட்காத நேரம். நான் நாசாவின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு ஒரு படம் வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. அது இரண்டாகப் பிரிந்தது. பெரியது ஓரமாக நழுவிப் போக, சின்னது திரையை அடைத்துக்கொண்டு வந்தது. ரோடு போடக் கொட்டிவைத்த ஜல்லி மாதிரி, எங்கு பார்த்தாலும் கல்லும் பாறையும். கடைசிப் படம் முழுசாக வரவில்லை. மேலே ஒரு கீற்றுப் பாறை, மீதி வெறுமை. படத்தை அனுப்பி முடிப்பதற்குள் கேமராவே இல்லை.

பூமியை நோக்கி வரும் கல்லை இடித்து வழி மாற்ற முடியுமா என்று பார்க்க, நாசா வேண்டுமென்றே ஒரு கல்லில் மோதவிட்ட கலம் அது. பெயர் டார்ட். எடை சுமார் 580 கிலோ. அது மோதியது டைமார்போஸ் என்ற குறுங்கோளில். குறுக்களவு 150 மீட்டர் சொச்சம், எடை ஏறத்தாழ 43 லட்சம் டன். மோதிய வேகம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேல். பூமியிலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது. இந்தக் கல்லால் நமக்கு ஆபத்து எதுவும் இல்லை, மோதலுக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அப்படியென்றால் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

அதில்தான் இந்தத் திட்டத்தின் அழகே இருக்கிறது. சூரியனைத் தனியாகச் சுற்றும் ஒரு கல் நொடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் வேகத்தில் சில மில்லிமீட்டர் மாறினால் உடனே கண்டுபிடிக்க முடியாது. ஆனால் டைமார்போஸ், டிடிமோஸ் என்ற பெரிய குறுங்கோளுக்கு நிலா. அதைச் சுற்றி 1.2 கிலோமீட்டர் தள்ளி, நொடிக்கு 17 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது. தவழும் குழந்தை அதை முந்திவிடும். இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் சின்ன மாற்றமும் தெரிந்துவிடும்.

தெரிவதும் எப்படி? தொலைநோக்கிக்கு இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளிதான். ஆனால் சின்னது பெரியதன் முன்னால் வரும்போதும் பின்னால் மறையும்போதும் அந்தப் புள்ளி கொஞ்சம் மங்கும். மங்கும் நேரங்களைக் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரியும். மோதலுக்கு முன் 11 மணி 55 நிமிடம். மோதலுக்குப் பின் 11 மணி 23 நிமிடம். 73 நொடி மாறினாலே வெற்றி என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். மாறியது 32 நிமிடம்! பின்னால் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது இன்னும் கொஞ்சம் கூடி 33 நிமிடமானது.

இங்கே கேள்வி வரும். கலம் எதிரே வந்து இடித்தது, கல்லின் வேகம் குறைந்தது. வேகம் குறைந்தால் சுற்றி வர நேரம் கூடத்தானே வேண்டும்? ஆகாது. வேகம் குறைந்ததும் டிடிமோஸின் ஈர்ப்பு அதைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதை சுருங்குகிறது. உள்ளே விழுந்ததில் வேகமும் திரும்பக் கூடுகிறது. அதனால்தான் சுற்று சீக்கிரம் முடிகிறது.

சரி, எதிர்பார்த்ததைவிட ஏன் இவ்வளவு? பரிசலிலிருந்து கரைக்குக் குதித்தவர்களுக்குத் தெரியும், நாம் முன்னால் பாய்ந்தால் பரிசல் பின்னால் போகும். டார்ட் மோதியதும் குறைந்தது 1,000 டன் கல்லும் தூசியும் பீய்ச்சிக்கொண்டு கிளம்பின. சில நாட்களில் அந்தத் தூசி வால்நட்சத்திரத்தின் வால் போல 10,000 கிலோமீட்டருக்கு நீண்டது. கல்லைவிட்டுத் தெறித்த ஒவ்வொரு துண்டும் கல்லை எதிர்ப்பக்கம் தள்ளியது. மொத்தத் தள்ளு, கலம் மட்டும் கொடுத்திருக்கக்கூடியதைப் போல 3.6 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான வேலையைச் செய்தது அந்தக் கல்லின் சொந்தப் புழுதிதான். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது.

வேகத்தில் நடந்த மாற்றம் நொடிக்கு 3 மில்லிமீட்டர்கூட இல்லை. பூமியை நோக்கி வரும் கல்லுக்கு இது போதுமா? நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுகளில் நேர்க்கணக்கிலேயே 6,300 கிலோமீட்டர் வருகிறது, கிட்டத்தட்ட பூமியின் ஆரம். சுற்றுக்காலமும் மாறுவதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே விலகும். ஆனால் அந்த 20 ஆண்டு நம் கையில் இருக்க வேண்டும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் முன்னதாகப் படவில்லை. கிட்டத்தட்ட 1,500 பேர் காயம்பட்டார்கள், பெரும்பாலும் உடைந்த ஜன்னல் கண்ணாடியால். பூமிக்கு அருகே வரும் கற்களில் 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் பாதியைக்கூட நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இடிக்கத் தெரிந்ததைவிடத் தேடுவதில்தான் இனி அதிகக் காசும் உழைப்பும் போக வேண்டும் என்பது என் கருத்து.

தள்ளு 3.6 மடங்கு என்றேனே, அதிலும் ஒரு ஊகம் இருக்கிறது. டைமார்போஸின் எடை யாரும் நிறுத்துப் பார்த்ததல்ல. எடையைப் பொறுத்து அது 2.2 ஆகவும் இருக்கலாம், 4.9 ஆகவும் இருக்கலாம். அதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை ஹெரா என்ற கலத்தை 2024 அக்டோபர் 7 அன்று அனுப்பியது. டிடிமோஸ் அருகிலேயே தங்கி அந்தக் கல்லை எடை போடுவதும், டார்ட் இடித்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா அல்லது கல்லின் உருவமே மாறிவிட்டதா என்று பார்ப்பதும் அதன் வேலை.

நன்றி, வணக்கம்.