கடாரத்துல ஒரு புத்தர் கோயில்: புக்கிட் சோராஸ் போயிட்டு வந்தாச்சு!

வணக்கம் மக்களே! பினாங்கு வந்து சேர்ந்துட்டேன், சப்பாத்துல செம்மண் இன்னும் காயல. மெர்போக் அருங்காட்சியக வீடியோவுக்குக் கீழ, "கடாரம்னா ராஜேந்திரன் படையெடுத்த ஊர், அவ்வளவுதானே"ன்னு எழுதியிருந்தீங்க பாருங்க (கடாரம்னா இப்போ மலேசியாவுல இருக்குற கெடா), எனக்கு அப்படி ஒரு கோவம். அதான் கிளம்பிட்டேன்.

கெடாவுல பழைய கோயில்கள் நிறைய கிடைச்ச இடம் பூஜாங் பள்ளத்தாக்கு. அந்தக் கோயில்கள் பெரும்பாலும் ஜெராய் மலைக்குத் தெற்கே. புக்கிட் சோராஸ் மட்டும் வடக்கே, யான்ங்கிற ஊர் பக்கம், தனியா ஒரு குன்று மேல. போன்ல மேப் போட்டா வயலுக்கு நடுவுல ஒத்தையடி ரோட்டுல கொண்டு விடுது. எதிர்ல நெல் அறுக்குற மெஷின்! ரெண்டு பக்கமும் வாய்க்கால். அந்த ரோடு முழுக்க ரிவர்ஸ்லயே வந்தேன், ஒரு டயர் கூட இறங்கல. அந்த கிளிப்பை வெட்டாம முழுசா போடுறேன், பார்த்தே ஆகணும்.

மேல செம்பாறைக் கல்லால கட்டுன ஸ்தூபி. கல்லு பூரா சின்னச் சின்னக் குழி, குழிக்குள்ள மழைத்தண்ணி, ஓரத்துல பச்சைப் பாசி. 8, 9-ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. 2023-ல யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆளுங்க தோண்ட ஆரம்பிச்சாங்க, சுதையில செஞ்ச புத்தர் சிலைங்க கிடைச்சுது. தியானத்துல உட்கார்ந்த கோலம், ஆள் உயரம்!

ஆங், சொல்ல விட்டுட்டேன். 1937-லயே குவாரிச் வேல்ஸ்ங்கிற பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் இங்க தோண்டியிருக்காரு. அப்போ இந்தச் சிலைங்க அவர் கண்ணுல படல.

இப்போ அந்த கமெண்டுக்கு வர்றேன். ராஜேந்திரன் படையெடுப்பு 1025. அதுக்கு முன்னாடி, அவரோட அப்பா ராஜராஜன் காலத்துல, கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்துல புத்த விகாரம் கட்ட ஆரம்பிச்சாரு, மகன் முடிச்சாரு. ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தாரு, செப்பேட்டுல இருக்கு. போரை மட்டும் பேசிட்டு இதை விட்டுட்டா எப்படிங்க?

இறங்குனதும் ரோட்டோரம் ஆயர் நீரா, ஐஸ் போட்டு ஒரு பாக்கெட் 3 வெள்ளி (ரிங்கிட்). நம்ம பதநீர் மாதிரிதான். பினாங்குல இந்த விலைக்கு, இந்த ருசியில எங்கயாச்சும் கிடைச்சா சொல்லுங்க, நான் நம்ப மாட்டேன்.

போறவங்க காலையிலயே போங்க, மத்தியான வெயில் தாங்காது. வேலி போட்ட இடத்துக்குள்ள கால் வைக்காதீங்க, தோண்டுற வேலை இன்னும் பாக்கி இருக்கு.