குப்பைமேட்டு வாயுவில் டேட்டா சென்டர் ஓடுமா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வெளிநாட்டில் பழைய குப்பைமேட்டு வாயுவை எடுத்து டேட்டா சென்டருக்குக் கரண்ட் கொடுக்கலாம் என்கிறார்களே, நம்ம செட்டிச்சாவடி குப்பைமேட்டில் அது முடியாதா?"

வாயு எடுக்கலாம் தம்பி. ஆனால் டேட்டா சென்டர் கேட்கிற அளவுக்கு அதிலிருந்து வராது.

காற்று புகாமல் மூடிய குப்பைக்குள் ஈரக்கழிவு மட்கும்போது வருகிற வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மேட்டில் துளை போட்டுக் குழாய் இறக்கி, அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். அப்படியே என்ஜினுக்கு விட முடியாது. அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை அரித்துவிடும். ஷாம்பு, கிரீம் மாதிரிப் பொருட்களிலிருந்து வரும் சிலாக்சேன், எரியும்போது நுண்மணலாக என்ஜினுக்குள் படியும். சுத்தம் செய்கிற செலவு சாதாரணமானது இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் தென் கரோலினாவிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலை 2003 முதல் குப்பைமேட்டு வாயுவைக் குழாயில் கொண்டுவந்து பயன்படுத்தியிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்கக் கணக்குப்படி 10 லட்சம் டன் குப்பைக்குச் சுமார் முக்கால் மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். இன்றைய ஏஐ சர்வர் ரேக் (கணினிகளை அடுக்கிய அலமாரி) ஒன்றே 120 கிலோவாட் வரை இழுக்கிறது. குளிரூட்டவும் மின்சாரம் வேண்டும். அப்படியானால் ஐந்து ரேக் ஓடலாம். பெரிய டேட்டா சென்டர் கேட்பது 100 மெகாவாட். அதோடு, மேட்டை மூடிய பிறகு வாயு வருடத்துக்கு வருடம் குறையும்.

அதுவும் அங்கே அடியில் விரிப்புப் போட்டு, மேலே மூடிய மேடுகள். நம் ஊர்களில் பெரும்பாலும் திறந்த வெளியில் கொட்டுகிறோம். வெயிலிலும் மழையிலும் ஈரக்கழிவு சீக்கிரம் மட்கி, வாயுவில் பெரும்பகுதி முன்பே காற்றில் போயிருக்கும். பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து, மேட்டைக் கரைத்துவிட்டால் எடுப்பதற்கே ஒன்றும் இருக்காது. அதற்காக பயோமைனிங்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் புகையும் நாற்றமும் ஒழிவதுதான் முதலில் முக்கியம்.

அப்புறம், இந்த வித்தை சேலத்துக்காரர்களுக்குப் புதிதே இல்லை. நம் மாவட்டத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகள் பலவற்றில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைத்து மாவு எடுத்த கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு, வருகிற வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். உழவர் சந்தைக் காய்கறிக் கழிவையும் ஹோட்டல் மிச்சத்தையும் மேட்டுக்கு அனுப்பாமல் அதேபோலத் தொட்டியில் போட்டால், வாயு முழுவதும் கைக்கு வரும். தெருவிளக்குக்கோ, மாநகராட்சியின் சொந்த சர்வர் அறைக்கோ அதைக் கொடுக்கலாம். நான் கேட்பது அதைத்தான்.

பழைய மேட்டில் இன்னும் வாயு கசிந்தால், மின்சாரம் எடுக்க முடியாவிட்டாலும், பிடித்து எரித்தாவது விட வேண்டும். 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது.