சாட்சிக் கூண்டில் ஒரு குழந்தை: நீதிபதி எதைப் பார்க்கிறார்?

[திரையில்: சாட்சிக் கூண்டு. விளிம்புக்கு மேலே ஒரு சின்னத் தலை மட்டும் தெரிகிறது.]

"எத்தனாவது படிக்கிற? கூட யாரு வந்திருக்காங்க? பொய் சொன்னா சரியா, தப்பா?"

அரட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் நீதிபதியின் முதல் சோதனையே இதுதான். கேள்வி புரிகிறதா, பொருந்தும் பதில் வருகிறதா என்று பார்க்கிறார். இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று புரியாவிட்டாலும், உண்மை பேச வேண்டும் என்பது புரிந்தால் போதும்.

அப்புறம்தான் கடினமான கேள்வி: குழந்தை கண்டதைச் சொல்கிறதா, வீட்டில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறதா? நடந்தவுடன் யாரிடம் சொன்னது என்பது இங்கே முக்கியம். 1952-ல் ராமேஷ்வர் வழக்கில், எட்டு வயதுச் சிறுமி சில மணி நேரத்திலேயே தாயிடம் சொன்னதை அவளுடைய சாட்சியத்துக்கு வலுசேர்க்கும் ஆதாரமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது.

தேதி, மணி கேட்டு மடக்குவது குறுக்கு விசாரணையில் பழைய வித்தை. குழந்தைக்குத் தேதி எங்கே தெரியும்? 'பாட்டி ஊருக்குப் போன அன்னிக்கு' என்றுதான் சொல்லும். "அப்படித்தானே?" என்று அதட்டலாக நாலு முறை கேட்டால் தலையாட்டியும் விடும். அதனால்தான் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ன் போக்சோ சட்டப்படி வக்கீல் நேரடியாகக் குழந்தையைக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். எல்லா நீதிமன்றத்திலும் அப்படியே நடக்கிறதா என்றால், அது தனி வீடியோவுக்கான கதை.

சரி, குழந்தை வாயே திறக்காவிட்டால்?

[திரையில்: 1986, ராஜஸ்தான்]

ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். கூண்டில் ஏற்றி என்ன நடந்தது என்று கேட்டபோது பேசவில்லை. மறுபடியும் கேட்டார்கள்; கண்ணீர் மட்டும் வந்தது. 1987-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்றது. 2013-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது: குழந்தையின் மௌனத்தை, வளர்ந்த பெண்ணின் மௌனம்போல எடுத்துக்கொண்டு குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக்க முடியாது.

ஆனால் அந்தக் கண்ணீரை மட்டும் வைத்துத் தண்டிக்கவில்லை. மருத்துவச் சான்றும், ரத்தக் காயத்தோடு மயங்கிக் கிடந்த குழந்தையைப் பார்த்தவரின் சாட்சியமும் இருந்தன.